கம்பளி யானைக் காண்டம்: குறைந்த செலவில் பெருமிருகம் செய்யும் முறை குறித்து ஓர் ஆய்வு

பூதாகாரமான மிருகம் ஒன்று ஊருக்குள் புகுந்து ஆட்களை மிதித்துக் கொல்லும் திரைப்படத்துக்கு முதலில் வேண்டியது மிருகம். காசில்லாத தயாரிப்பாளரிடம் முதலில் இல்லாததும் அதுதான். இந்தப் பள்ளத்தை உலகம் எதைப் போட்டு நிரப்பியது, சேலம் எதைப் போட்டு நிரப்பியது, அந்த நிரப்பலைக் கிளியனூர் ஒப்புக்கொள்கிறதா என்பவை இக்கட்டுரையின் வினாக்கள். இதற்கெல்லாம் ஓர் ஆய்வு தேவையா என்று நான்காவதாக ஒரு வினாவும் உண்டு. அது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஒதுக்கிவிட்டேன். பல்கலைக்கழக மரபும் அதுதான்.

கிளியனூரைக் களமாக எடுத்துக்கொண்டதற்கு வலுவான காரணம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கும் ஊர் இது. கிழக்கே போனால் கழுவேலி, அதையும் தாண்டினால் மரக்காணத்து உப்பளங்கள், அப்புறம் கடல். கழுவேலியை 2021-ல் அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பூநாரை வரும், கூழைக்கடா வரும். ஆளை அடித்துத் தின்னும் உருப்படி எதுவும் வருவதில்லை. புலிக்கும் காட்டு யானைக்கும் இந்தச் சமவெளியில் வேலையே இல்லை. இரவில் பைக்கைத் துரத்தும் நாய்களைக் கழித்துவிட்டால் பயப்படுவதற்கென்று இங்கே ஒரு விலங்கும் மிஞ்சாது. மிருகப் படத்தின் வீரியத்தை அளக்க இதைவிடத் தூய்மையான ஆய்வுக்கூடம் கிடைக்குமா?

பழைய உரையாசிரியர்கள் வழியில் முதலில் நூற்பாவும் அதன்பின் உரையும் தருகிறேன். நூற்பாவும் என்னுடையது, உரையும் என்னுடையது. ஆகவே பாடபேதத்துக்கு வழியில்லை.

நூற்பா 1: காசு குறையின் முடி கூடும்.

இது என் நுதலிற்றோ எனின், பெருமிருகம் வாங்க வக்கற்றவர் கைக்குக் கிடைத்த சிறுமிருகத்தின்மேல் முடியை ஒட்டுவார் என்பது உணர்த்துதல் நுதலிற்று. சான்றுகள் ஏராளம். 1959-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் 'தி கில்லர் ஷ்ரூஸ்' என்றொரு படம் எடுத்தார்கள். ராட்சத மூஞ்சூறுகள் ஒரு தீவில் மனிதரைத் தின்கின்றன. மூஞ்சூறாக நடித்தவை வேட்டை நாய்கள். மேலே ஒரு சடைப் போர்வை, வாயில் பொய்ப்பல். பிள்ளையாரையே சுமக்கும் விலங்கு என்று மூஞ்சூறின் தாங்கு திறனை நாம் முன்பே அறிந்திருந்ததால், தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் நம்ப முடியாதது குறைவு. 1982-ல் கனடாவில் எடுத்த 'டெட்லி ஐஸ்' படத்தில் ராட்சத எலிகளாக ஓடியவை டாக்ஸ்ஹுண்ட் என்னும் குட்டைக்கால் நாய்கள். 1953-ன் 'ரோபோட் மான்ஸ்டர்' இன்னும் சிக்கனம். வேற்றுக்கிரக இயந்திரத்துக்கு உடுப்புத் தைக்கக் காசில்லை, ஆனால் கொரில்லா உடுப்பு ஒன்று கைவசம் இருந்தது. கொரில்லாவின் தலையை மட்டும் கழற்றிவிட்டு முத்துக்குளிப்பவர் தொப்பியைப் போலொன்றை மாட்டி அனுப்பிவிட்டார்கள். தலை இயந்திரம், உடல் குரங்கு.

பணமிருந்த படங்களும் முடியைத் தேடித்தான் போயின என்பதை மறைக்கக் கூடாது. 1933-ன் 'கிங் காங்' பொம்மைக்கு முயல் தோல் போர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு சட்டகத்துக்கும் கலைஞரின் விரல் பட்டுப்பட்டு அந்த முடி கலைந்தது. திரையில் அது காற்றில் சிலிர்ப்பதாகத் தெரிந்தது. விரல் பட்ட குற்றமே உயிர்ப்பு என்று பெயர் வாங்கியது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1972-ல் வந்த 'நைட் ஆஃப் தி லீபஸ்' படத்தில் பெருமிருகம் முயல். சாதாரண வீட்டு முயல்களைப் பொம்மை ஊருக்குள் ஓடவிட்டு, வாயில் சிவப்பாக எதையோ பூசி, ஆட்கொல்லி என்றார்கள். யாரும் நடுங்கவில்லை. விமர்சகர்கள் இதற்கு என்னென்னவோ காரணம் சொன்னார்கள். முயலுக்கு ஏற்கெனவே முடி இருந்ததால் ஒட்டுவதற்கு இடமில்லாமல் போய்விட்டது என்பதே என் துணிபு.

நூற்பா 2: முடியும் கிட்டாக்கால் இருள்.

இருட்டு இலவசம். 1942-ல் ஹாலிவுட்டின் 'கேட் பீப்பிள்' படத்தில் கருஞ்சிறுத்தையைக் காட்டுவதற்குப் பதில் நீச்சல் குளத்துச் சுவரில் நிழலைக் காட்டியே வேலையை முடித்தார்கள். 1975-ன் 'ஜாஸ்' காசுள்ள படம்தான். ஆனால் இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்ததால் பாதிப் படம் சுறா இல்லாமலேயே ஓடிற்று. உப்புத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்பதை மரக்காணத்து மோட்டார் மெக்கானிக் யாரிடமாவது முன்கூட்டியே கேட்டிருக்கலாம். தமிழில் இந்த நூற்பாவுக்கு இலக்கியம் 2012-ன் 'அம்புலி'. ஹரி ஷங்கர், ஹரீஷ் நாராயண் இருவரும் இயக்கிய முப்பரிமாணப் படம். பாதி மனிதன், பாதி மிருகம் ஒன்று சோளக்காட்டுக்குள் இருக்கிறது. சோளக்காடு என்பது இருட்டுக்குத் தம்பி முறை: பகலிலும் மறைக்கும், வாடகையும் அதிகமில்லை. இந்த வட்டாரத்துச் சவுக்குத் தோப்புகளும் அந்த வேலைக்குத் தகுதியானவை என்பதை வருங்காலத் தயாரிப்பாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

நூற்பா 3: இருளும் கிட்டாக்கால் பேச்சு.

மிருகத்தைக் காட்டாமல், இருட்டையும் காட்டாமல், "நான் அதைப் பார்த்தேன்" என்று ஒருவரைச் சொல்லவைப்பது. இன்னொருவர் நம்ப மறுப்பார். இருவரும் இதைப் பற்றி நடந்துகொண்டே பேசுவார்கள். ஒரு ரீல் போய்விடும். இந்த மூன்றாம் நூற்பாவின் உச்சம் நம் சேலத்தில் நடந்தது என்பதால் இனி ஆய்வு மேற்கே நகர்கிறது.

டி.ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் சேலத்தில் ஏற்காடு மலையடிவாரத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளிய ஆலை. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) அங்கிருந்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கிருந்து வந்தது. இந்த இரண்டையும் திரைப்பட வரலாறு விடாமல் சொல்லும். இரண்டுக்கும் நடுவே 1952-ல் அதே சுந்தரம் ஹாலிவுட்டோடு கூட்டுச் சேர்ந்து மாமூத் என்னும் பனியுகக் கம்பளி யானையை வைத்துப் படம் எடுத்ததைச் சொல்ல வரலாற்றுக்கு ஏனோ கூச்சம். ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பெர்க். அமெரிக்காவில் வெளியிட்டவர் ராபர்ட் லிப்பர்ட். சிக்கனத்தையே ஒரு கலையாக வளர்த்த மனிதர். ராட் கேமரன் வேட்டைக்காரர், மேரி விண்ட்சர் இளவரசி, சீசர் ரொமேரோ இந்திய வீரர். நம் எம்.என். நம்பியாரும் இருக்கிறார்.

சீசர் ரொமேரோவின் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டுதான் அதே லிப்பர்ட்டின் 'லாஸ்ட் காண்டினென்ட்' படத்தில் டைனோசர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்தப் படத்தில் டைனோசர் வசிக்கும் மேட்டுநிலக் காட்சிகளுக்கு மட்டும் பச்சைச் சாயம் ஏற்றியிருந்தார்கள். 'காடு' படத்துக்கு ஏறியது பழுப்புச் சாயம். வண்ணப் பிலிமுக்குக் காசில்லாவிட்டாலும் சாயத்துக்கு இருந்திருக்கிறது. டைனோசரை நேரில் கண்டவர் மறு ஆண்டே மாமூத்தை நம்ப மறுக்கும் வேஷத்தில் வருகிறார். பட்டும் புத்தி வராத ஒரே அறிவியல் சாட்சி இவர்தான்.

கதை இவ்வளவுதான்: யானைகள் மிரண்டு ஊர்களை அழிக்கின்றன. ஏன் மிரள்கின்றன? காட்டுக்குள் மாமூத் இருக்கிறது என்கிறார் வேட்டைக்காரர். நம்பமாட்டேன் என்கிறார் இந்திய வீரர். சரி, போய்ப் பார்ப்போம் என்று எல்லோரும் நடக்கிறார்கள். நடக்கிறார்கள். படம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். அதில் பெரும்பகுதி நடை. முடியும் தறுவாயில்தான் மாமூத் வருகிறது. வந்ததும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. அது யானை. நம்ம ஊர் யானை. மேலே முடி ஒட்டியிருக்கிறது.

இதில் சேலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1940-லேயே 'ஒன் மில்லியன் பி.சி.' என்ற ஹாலிவுட் படம் யானைக்கு முடி போர்த்தி மாமூத் என்று காட்டியது. 1981-ல் வந்த 'குவெஸ்ட் ஃபார் ஃபயர்' பெயரும் புகழும் பெற்ற படம்; அதிலும் சர்க்கஸ் யானைகள்தான் போர்வைக்குள் நின்றன. ஆனால் இந்தத் துறையில் சேலத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மாமூத் ஆசிய யானைக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று பின்னாளில் மரபணு ஆய்வுகள் காட்டின. ஆப்பிரிக்க யானை தூரத்து உறவு. ஆகவே மாமூத்தாக நடிக்கும் தகுதி உலகில் எந்த விலங்குக்காவது உண்டென்றால், அது நம்ம ஊர் யானைக்குத்தான். பங்காளி இறந்த வீட்டில் பங்காளி நின்று செய்வது முறைதானே.

உடலியல் பக்கம் பார்த்தால்தான் நெருடல். யானைக்கு வியர்வைச் சுரப்பி நகத்தை ஒட்டிய இடத்தில் மட்டும்தான். உடம்புச் சூட்டைத் தணிக்க அது நம்பியிருப்பது காதை. காது வீசும், காதுக்குள் ஓடும் ரத்தம் குளிரும். மாமூத்துக்கோ காது சின்னது, ஏனென்றால் அதற்குச் சூட்டைச் சேமிக்க வேண்டியிருந்தது. பெரிய காதோடு பிறந்த விலங்கின்மேல், சின்னக் காது விலங்கின் கம்பளியைப் போட்டுத் தென்னிந்திய வெயிலில் நடக்கவிட்டிருக்கிறார்கள். படத்தில் யாராவது மெய்யாகவே துன்பப்பட்டிருந்தால் அது அந்த யானைகள்தாம். நடிப்புக்கான பெயர்ப்பட்டியலில் அவை இல்லை.

காலப்பிழை என்று சிலர் குதிப்பார்கள். அவ்வளவு பெரிய பிழையில்லை. கடைசி மாமூத்துகள் ஆர்க்டிக் கடலில் ராங்கல் தீவில் சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தன. அரப்பா நகரங்களில் செங்கல் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. காலத்தில் நாம் தவறவில்லை, தூரத்தில்தான் தவறிவிட்டோம்.

இனி களஆய்வு. கிளியனூர் டீக்கடையில் கூடிய அறிஞர் குழுவில் முன்னாள் உப்பள மேஸ்திரி ஒருவர் தலைமை வகித்தார். மற்றவர்கள் புதுச்சேரிக்குப் பேருந்து ஏற வந்தவர்கள். பேருந்து வந்ததும் ஆய்விலிருந்து விலகிக்கொண்டார்கள். போனில் மாமூத் காட்சியைக் காட்டினேன். மேஸ்திரி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"யானைக்கு எதுக்குப்பா கம்பளி போத்தி வுட்டிருக்கானுங்க? சேலத்துல அவ்ளோ குளிரா?"

"அது யானை இல்ல மாமா. மாமூத். பழங்காலத்து மிருகம்."

"லட்சுமிய பாத்தவன்கிட்ட வந்து இது யானை இல்லன்னு சொல்றியே தம்பி."

லட்சுமி என்பது புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை. 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்தது. ஊரே திரண்டு வழியனுப்பியது. இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் தலையில் அதன் தும்பிக்கை பட்டிருக்கும். ஆய்வுக்கூடம் தூய்மையானது என்று மேலே எழுதியதை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. காட்டு யானையைப் பார்க்காத ஊர் இது. யானையை மட்டும் நன்றாகப் பார்த்த ஊர். ஆசி வாங்கிய விலங்குக்கு எவ்வளவு முடி ஒட்டினாலும் பயம் வராது.

"அப்ப படம் மோசமா மாமா?"

"மோசம்னு யாரு சொன்னா? வேஷம் நல்லாத்தான் கட்டியிருக்கான். இது வேஷம்னு அவனே ஒத்துக்க மாட்டேங்கறான், அதான் தப்பு."

இந்த ஒரு வாக்கியத்தை விரித்து எழுதுவதற்குத்தான் மேற்கொண்டு பக்கங்கள் தேவைப்படுகின்றன. மேஸ்திரி வளர்ந்தது தெருக்கூத்து நாட்டில். திரௌபதி அம்மன் கோயில் உற்சவத்தில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் பகலில் துரியோதனன் படுகளம். கோயில் வெளியில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைத் தரையிலேயே செய்வார்கள். ஆள் நடந்து ஏறிப் போகும் அளவு நெஞ்சு. உருட்டிய கண், மீசை, மேலே வண்ணம். காலையில் மண் சுமந்த பிள்ளைகளே பிற்பகலில் தள்ளி நின்று பார்ப்பார்கள். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடி, அதன்மேல் ஏறிச் சண்டையிடுவார்கள். தொடை உடையும், சிவப்பு வழியும். திரௌபதி வந்து கூந்தலை முடிவாள். முடி குறித்த என் முதல் நூற்பா இங்கேயும் செல்லுபடியாவதைக் கவனிக்க. பிறகு மாலையில் தீமிதி.

அந்த ராட்சதனுக்குச் செலவு என்ன? ஏரி மண், தண்ணீர், வண்ணப்பொடி, கூலி. லிப்பர்ட் கேட்டிருந்தால் அழுதிருப்பார். அது மண் என்பது எல்லோருக்கும் தெரியும், அள்ளிய பள்ளம் கூட இன்னும் காயவில்லை. அப்படியும் அழுகிற பெண்கள் அழுகிறார்கள், சாமி வருகிறவர்களுக்குச் சாமி வருகிறது, குழந்தை அம்மா இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. செய்முறை தெரிந்தால் பயம் போய்விடும் என்ற கொள்கை எந்த நாட்டில் உருவானதோ, படுகளம் பார்க்காத நாட்டில்தான் உருவாகியிருக்க வேண்டும். புலிவேஷக்காரரின் வரிக்குக் கீழே வேட்டியும், பொய்க்கால் குதிரைக்குக் கீழே ஆளின் காலும் தெரிவதில் நம்மவர்களுக்கு ஆட்சேபம் இருந்ததே இல்லை. 'காடு' படத்தின் கோளாறு முடியில் இல்லை. யானையை மறைக்கப் பார்த்ததில் இருக்கிறது. யானைக்கு மாமூத் வேஷம் கட்டி, பாகனையும் பக்கத்தில் நிற்கவைத்து, கட்டியங்காரன் ஒருவன் வந்து "இதோ வருகிறது பார் மாமூத்" என்று அறிவித்திருந்தால் கிளியனூர் பயந்திருக்கும்.

ஒப்பீட்டுக்காக இன்னொரு படம். 2019-ல் நெல்சன் வெங்கடேசன் இயக்கத்தில் எஸ்.ஜே. சூர்யா நடித்த 'மான்ஸ்டர்'. தலைப்பைப் பார்த்துவிட்டு மாமூத்தை எதிர்பார்த்துப் போனால் வருவது ஓர் எலி. வீட்டு எலி, அசல் அளவு. கதாநாயகன் வள்ளலார் வழி நடப்பவன், உயிரைக் கொல்லமாட்டான். அதனால்தான் எலி பூதாகாரம் ஆகிறது. வடலூர் சித்தாந்தம் ஒரு சிற்றுயிரை எந்த அளவுக்குப் பெருக்க முடியும் என்று ஹாலிவுட் இன்னும் கணக்கிடவில்லை. முடி ஒட்டாமல், இருட்டாக்காமல், அதிகம் பேசாமல் பெருமிருகம் செய்ய இது நான்காவது வழி; கொல்லாமல் விட்டால் போதும். ஆனால் இதற்கு நூற்பா எழுதவில்லை. எலி தொல்லை உள்ள வீட்டில் அமர்ந்து எழுதுபவனால் அவ்வளவு நடுநிலை காக்க முடியாது.

ஆய்வு என்றால் பரிந்துரை வேண்டும். சேலம் செய்த பெரும் பிழை இடத்தேர்வு. மாமூத்துக்குப் பனி வேண்டும். கிளியனூரிலிருந்து கிழக்கே பத்துப் பதினைந்து மைல் போனால் மரக்காணத்தில் அது குவிந்து கிடக்கிறது. கோடையில் பாத்தி பாத்தியாக வெள்ளை, வரப்போரம் அம்பாரம் அம்பாரமாக வெள்ளை. உப்பைப் பனியாகக் காட்டுவது புதிதும் இல்லை. 1925-ல் சாப்ளின் 'தி கோல்ட் ரஷ்' எடுத்தபோது அலாஸ்காப் பனிக்கு உப்பும் மாவும்தான் உதவின. பனியுகத்துக்கு வேண்டிய பழமையும் இங்கேயே இருக்கிறது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, வயது சுமார் 2 கோடி ஆண்டு. 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பார்த்து எழுதிவைத்தார். வழுதாவூர்ப் பக்கம் தோண்டினால் டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் சுருள் ஓடு கிடைக்கும். பின்னணி அத்தனையும் அசல், மிருகம் மட்டும் போலி. எந்த ஸ்டுடியோ இந்த வசதியைத் தரும்?

தடை சட்டத்தில் இருக்கிறது. 2001-ன் விதிகளின்படி விலங்கை நடிக்கவைக்க விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிப்படுத்தவே கூடாது. 2011-ல் காளையும் அந்தப் பட்டியலில் ஏறியது, அதன் விளைவான ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை 2017-ல் மெரினா பார்த்தது. யானை பட்டியலில் இல்லை, ஆனால் அனுமதி கட்டாயம். வாரியம் திருவான்மியூரில் இருந்தவரை மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே பேருந்தில் போய் நின்றிருக்கலாம். 2018-ல் அதை அரியானாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெருமிருகப் படங்களின் வளர்ச்சியை முன்னிட்டு அந்த முடிவு எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த இக்கட்டை மேஸ்திரியிடம் சொன்னேன். உப்பளத்துக்கு மத்தியில் மாமூத் வேண்டும், யானை கூடாது, செலவு கூடாது, அனுமதி கேட்கும்படியும் கூடாது.

"உசுரோட வேணுமா, செத்துக் கெடந்தா போதுமா?"

நான் யோசித்தேன். முதல் காட்சியிலேயே மாமூத் இறந்து கிடக்கலாம். எதைக் கொல்லவே ஆளில்லையோ அதைக் கொன்றது எது என்று ஊர் பயப்படும். நூற்பா மூன்றின்படி மீதிப் படம் பேச்சு.

"செத்துக் கெடந்தா போதும் மாமா."

"அப்ப படுகளத்துக்கு மண்ணு போடற பசங்க இருக்கானுங்க, ரெண்டு நாள்ல முடிச்சிடுவானுங்க. முடிக்கு வைக்கோல் போதும். இன்னா, உப்புத் தரையில மண்ணு சீக்கிரம் வெடிக்கும், சாணி கலக்கணும்." டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். "கூலி அடிக் கணக்கா, ஆள் கணக்கா?"